இரண்டு பேருக்கான பேட்டரி

என் வீட்டுக்காரர் குவைத்தில் தண்ணீர் லாரி ஓட்டினார். குளிர்காலத்தில் அந்த ஊர்க்காரர்கள் சக்கரம் வைத்த வீட்டை இழுத்துக்கொண்டு பாலைவனத்தில் போய்த் தங்குவார்களாம். அவர்களுக்குத் தண்ணீர் ஊற்றப் போனவருக்கு அந்த ஆசை பிடித்துக்கொண்டது. ஒரு லீவில் வந்தபோது, மாங்கூழ் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிய பழைய வேன் ஒன்றை வாங்கினார். சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில் அடித்துப் போட்டார். அதற்குள் லீவு முடிந்துவிட்டது.

எனக்கு ஊர் சுற்றும் ஆசை அவ்வளவாக இல்லை. ஆனால் அவர் வரும் நாற்பத்தைந்து நாளும் புத்தலப்பட்டில் எங்கள் வீடு நிறைய உறவுக்காரர்கள் இருப்பார்கள். தனியாகப் பத்து நிமிடம் பேச வாய்க்காது. அந்த வேனின் கதவைச் சாத்திக்கொள்ளலாம். எனக்கு அது போதும்.

"வண்டில ஃபேனும் லைட்டும் ஓடணும்னா தனி பேட்டரி வோணும். இஞ்சின் பேட்டரியத் தொட்டா வண்டி நின்னுபூடும். நீ போயி பாத்து வாங்கி வையி" என்றார் போனில். அந்நியரிடம் பேசவே கூசுகிற என்னிடம்.

சித்தூரில் பேட்டரிக் கடைக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனேன். இருந்ததிலேயே பெரியதாகப் பார்த்துக் காட்டினேன். கடைக்காரர் தெலுங்கும் தமிழுமாகப் பேசினார்.

"சூடக்கா, பாருங்க, அது லாரிக்குப் போடறது. ஸ்டார்ட் ஆவறப்ப ஒரே உதை உதைக்கும், அவ்ளோதான். விடிய விடிய ஃபேன் ஓட்டினா நாலு மாசத்துல படுத்துக்கும். உங்களுக்கு இன்வர்ட்டருக்குப் போடற டியூபுலர்தான் சரி. எத்தினி பேரு படுப்பீங்க?"

"ரெண்டு பேரு" என்றேன். முகம் சூடாகிவிட்டது.

"வண்டிய ஓட்டாம ஒரே எடத்துல எத்தினி நாளு நிப்பீங்க? அத வெச்சுத்தான் சைஸு."

நாற்பத்தைந்து நாளில் எத்தனை நாள் கேட்டால் அதிகமாகத் தோன்றாது என்று யோசித்தேன். "மூணு நாளு."

"அப்ப நூத்தம்பது ஆம்பியர் போதும். சாரு எப்ப வர்றாரு?"

"தெரியலிங்க."

"அப்ப இப்ப வாணாம்க்கா. ஆசிட் ஊத்தாத வரைக்கும் ஒண்ணும் ஆவாது. ஊத்திட்டா சும்மா வெக்கக் கூடாது, செத்துப்பூடும். அவரு வரப்ப வாங்க."

சரி என்று வாசல்வரை வந்தேன். அங்கிருந்து திரும்பிப் போய், "ஊத்துங்க" என்றேன்.

அடுத்த முறை அவர் பேசியபோது அதைத்தான் முதலில் சொன்னேன். "ஆசிட் ஊத்தியாச்சுங்க. சும்மா வெச்சா கெட்டுப்பூடுமாம்."

"போன வாரந்தான் இன்னொரு காண்ட்ராக்ட்ல கையெழுத்து போட்டேன்" என்றார். பிறகு, "டிஸ்டில்டு வாட்டர் வாங்கி அளவு பாத்து ஊத்திக்கினு இரு" என்றார்.

ஊற்றினேன். மாதம் ஒரு முறை மூடிகளைத் திருகி அளவு பார்ப்பேன். சார்ஜ் போடுவேன். பேட்டரிக்கு வேலை கொடுக்க வேண்டுமே என்று ஞாயிற்றுக்கிழமைகளில் வேனுக்குள் ஃபேனைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். கட்டிலில் எது என் பக்கம் என்று நானாகவே முடிவு செய்து வைத்திருந்தேன். மறுபக்கத்தில் துணி மடித்து வைக்கக்கூட மாட்டேன்.

இருபது மாதம் கழித்து வந்தார். வழக்கம்போல வீடு நிறைய ஆட்கள். பெட்டியைத் திண்ணையோரம் போட்டுவிட்டு நேராக வேனில் ஏறி, பேட்டரி மூடியைத் திருகிப் பார்த்தார்.

"தண்ணி சரியாத்தான் கீது" என்றார்.

நானும் ஏறிக் கதவைச் சாத்தினேன். வெளியே யாரோ சிரித்தார்கள்.