பாதிக் கடல் தாண்டிய சித்தப்பா

தங்கையின் நிச்சயத்தன்று அப்பாவுக்கு ஒரே கவலை, சித்தப்பா. தாம்பரத்தில் அவரைப் போல் பாசக்காரர் கிடையாது. உள்ளே கொஞ்சம் போய்விட்டால் அந்தப் பாசம் கட்டுக்கடங்காது. மாப்பிள்ளை வீட்டார் பல்லாவரத்தில் பரம்பரைக் கிறிஸ்தவச் சபைக் குடும்பம், குடி என்றாலே முகம் சுளிப்பவர்கள் என்று தரகர் சொல்லிவைத்திருந்தார். "இது தெரிஞ்சா சம்பந்தமே போயிடும்டா" என்று அப்பா காலையிலிருந்து புலம்பினார். தங்கைக்கோ அந்தப் பையனை அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.

நானும் என் மனைவியும் கல்லூரியில் இங்கிலீஷ் பாடம் எடுப்பவர்கள். குடிபோதைக்கு அந்த மொழியில் வழக்கொழிந்த சொற்கள் ஏராளம். அவற்றைத் தேடிப் பிடிப்பது எங்கள் வீட்டு விளையாட்டு. அன்று அதுவே சங்கேத மொழியானது. சித்தப்பா 'ஃபாக்ஸ்டு' என்றால் லேசான கிறுகிறுப்பு, எல்லாரோடும் உட்கார வைக்கலாம். 'ஹாஃப் சீஸ் ஓவர்' என்றால் பாதிக் கடல் தாண்டிவிட்டார், மேடைப் பக்கம் விடக்கூடாது. 'கப்-ஷாட்' என்றால் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். யாருக்குப் புரியப்போகிறது என்ற தெனாவெட்டு எங்களுக்கு.

ஹாலில் மாப்பிள்ளையின் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தேன். மனைவி விறுவிறுவென்று வந்தாள். "ஏங்க, சித்தப்பா ஹாஃப் சீஸ் ஓவர். பின்னாடி ரூம்ல உக்கார வெச்சிருக்கேன்" என்றாள், சத்தமாகவே.

மாப்பிள்ளையின் அப்பா நிதானமாகத் திரும்பினார். "யாரும்மா, பொண்ணோட சித்தப்பாவா?"

அவர் ஹெட்மாஸ்டராக இருந்து ரிட்டயரானவர் என்று தெரியும். என்ன பாடம் எடுத்தார் என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

அவர் என் காதருகே குனிந்தார். "உங்காளு பரவால்ல தம்பி, பாதிதான் தாண்டியிருக்காரு. என் தம்பி கப்-ஷாட். உங்களுக்குத் தெரிஞ்சா பொண்ணு தர மாட்டீங்களேன்னு ஏசி போட்டு கார்லயே உக்கார வெச்சிருக்கேன், டிரைவர காவலுக்கு விட்டு."

ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து கையை விலக்கினால், மனிதர் சிரிப்பை அடக்க முடியாமல் தவிக்கிறார். எனக்கும் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்கடா" என்றார் அப்பா. "அவங்க இல்லாம எப்படி ஜெபம் பண்றது?"

போதகர் ஜெபித்து முடித்தபோது, கடைசி வரிசையில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்திருந்த இரண்டு சித்தப்பாக்களும்தான் ஹாலிலேயே சத்தமாக ஆமென் சொன்னார்கள்.