பெட்டியின் சூடு

மார்த்தாண்டத்துக் கடையில் என் மகனின் கித்தாருக்காக ஐந்து வாட் வால்வு ஆம்ப்ளிஃபயரைப் போட்டுக் காட்டினார்கள். உள்ளே கண்ணாடி வால்வுகள் சிவந்து, சூடான தூசியின் மணம் எழுந்ததும் என் கை தானாகப் பெட்டியின் மேல் போயிற்று.

சர்ச்சில் கித்தார் வாசித்த அப்பா, வேலை விட்டு வந்ததும் இப்படித்தான் தன் ஆம்ப்ளிஃபயர் பெட்டியைத் தொட்டுப் பார்ப்பார். வால்வு போனால் கிடைக்காது என்று எங்கள் யாரையும் அதைத் தொட விடமாட்டார்.

"சூடா இருக்கே. ஏட்டி, நீ போட்டியா?"

"இல்லப்பா."

அவர் நம்பமாட்டார்.

ஒருநாள் பள்ளி சீக்கிரம் விட்டது. வீட்டுக்குள் அம்மா பெட்டியைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக் கித்தார் வாசித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பதறி, "அப்பாட்ட சொல்லாத மக்கா" என்றாள்.

மாலையில் அப்பா கேட்டபோது, "நான்தான் போட்டேன்" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. கம்பி பதிந்து சிவந்திருந்த அம்மாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.