வராந்தாவின் இரண்டு முனைகள்

நீதிபதியின் அறையில் எனக்குப் போட்டிருந்த கதிரை உயரமானது. கால்கள் தரையில் படவில்லை. அம்மாவோடு இருக்க விருப்பமா, அப்பாவோடா என்று அவர் சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார். எனக்கு ஒன்பது வயது. வெளியே, கொழும்பு புதுக்கடை நீதிமன்ற வராந்தாவின் ஒரு முனையில் அம்மாவும் மறுமுனையில் அப்பாவும் நின்றார்கள். இருவருமே இராணுவத்தில் இருந்தவர்கள்.

அப்பா சிங்களவர், சார்ஜன்ட். அம்மா கொட்டாஞ்சேனைத் தமிழ்ப் பெண். இராணுவ ஆஸ்பத்திரியில் தாதி. விவாகரத்தின்போது என்னை அம்மாவிடம் கொடுத்து, என் தாபரிப்புப் பணத்தை அப்பாவின் சம்பளத்திலிருந்தே பிடித்து அனுப்பும்படி தீர்ப்பாகியிருந்தது. அது ஒழுங்காக வந்தது. அடுத்த வருடம் அம்மாவுக்கு வடக்கே இடமாற்றம் கிடைத்தது. தாய் முகாமில் இருந்தால் பிள்ளையை யார் பார்ப்பது என்று அப்பா வழக்குப் போட்டார். அவரும் வடக்கே வவுனியா முகாமில்தான் இருந்தார். நுகேகொடையில் தன் தங்கை பார்த்துக்கொள்வாள் என்றார். அம்மா தன் அக்காவை, என் பெரியம்மாவைக் காட்டினார்.

போர் நடந்த அந்த மாதங்களில் நான் பெரியம்மா வீட்டில் இருந்தேன். அவர் வானொலியைத் திறந்தாலே ஓடிப்போய் அருகில் நிற்பேன். எந்த முகாமில் தாக்குதல் என்று தெரியும்வரை நகரமாட்டேன். எப்படியோ ஒரு பயம் மனதில் விழுந்துவிட்டது: நான் யாரை வேண்டாம் என்கிறேனோ, அவர் செத்துப்போவார்.

அதனால் நீதிபதியிடம் இருவர் பெயரையும் சொல்லாமல், "பெரியம்மாவோடு" என்றேன். காரணம் கேட்டார். சொல்லவில்லை. சொன்னால் அப்படியே நடந்துவிடும் என்று பயம்.

வெளியே வந்தபோது இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அம்மா என் தலைமுடியை ஒதுக்கிவிட்டார். அப்பா, "நல்லது மகள்" என்றார். அந்தச் சிரிப்பு என்னைப் பல வருடங்கள் வருத்தியது. இருவருக்குமே நான் தேவையில்லையோ?

அம்மா வடக்கிலிருந்து பத்திரமாகத் திரும்பினார். அப்பா ஒரு காலை இழந்து வந்தார். சென்ற வருடம் அவர் காலமானார். பிக்குகளுக்கு உணவளிக்கும் ஏழாம் நாள் தானத்துக்கு அம்மாவும் வந்தார். நுகேகொடையிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அவராகவே பேசினார்.

"அண்டைக்கு நீ உள்ளுக்குப் போனதும் அப்பா அந்தப் பக்கத்திலயிருந்து என்கிட்ட நடந்து வந்தார். 'பிள்ளை யார் பேரச் சொன்னாலும் மத்தவர் அழக்கூடாது. அழுதா, தான் ஏதோ பிழை செஞ்சதா அவ நெனச்சிக்குவா' எண்டார். நாங்க பிரிஞ்ச பிறகு ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான், மகள்."

சொல்லிவிட்டு அம்மா அழுதார். என் பயத்தை அன்றுதான் அவருக்குச் சொன்னேன். அப்பாவுக்குச் சொல்ல ஒரு வாரம் பிந்திவிட்டது.