மேடையில் வாசிக்கப்படாத பெயர்

கொப்பர் வின்ரர் என்ற றொக் இசைக்குழு ஒன்ராறியோ மாகாணத்தின் எந்த ஊரில் மேடையேறினாலும், மண்டபத்தின் பின்வரிசையில் மட்டக்களப்பைச் சேர்ந்த ஒருவர் நின்றிருப்பார். அவர் பெயர் வீரக்குட்டி. வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் குடியிருந்து, கார்களின் கதவுகளுக்கு றப்பர் விளிம்பு பொருத்தும் ஆலையில் வேலை செய்துவந்தார்.

ஆலையில் நாள் முழுவதும் வானொலி பாடும். ஒருநாள் இந்தக் குழுவின் பாட்டொன்று இயந்திர இரைச்சலை மீறிக்கொண்டு வந்து அவரைப் பிடித்துக்கொண்டது. சொற்கள் விளங்கவில்லை, தாளம் விளங்கியது. அந்தக் கிழமையே பஸ் ஏறி ஒஷாவாவுக்குப் போய் அவர்களை நேரில் கேட்டார். பிறகு பீற்றர்பரோ, கிங்ஸ்ரன், ஒட்டாவா என்று குழு போன வழியெல்லாம் அவரும் போனார். அகதிக் கோரிக்கை தீராத காலம் என்பதால் எல்லையைத் தாண்ட இயலாது. அவர்கள் எல்லைக்கு அப்பால் பஃபலோவுக்குப் போய்விட்டால், திரும்பிவரும்வரை கசெற்றைப் போட்டுக் கேட்டபடி பொறுமையாகக் காத்திருப்பார்.

பக்கத்து இயந்திரத்தில் வேலை செய்த சூசைதாசனுக்கு இது பெரிய பகிடி. அவர் யாழ்ப்பாணத்தவர்.

“எல்லா ஊரிலையும் உதே பாட்டைத்தானே அண்ணை படிக்கிறாங்கள். ஒருக்காப் பார்த்தால் காணாதோ?”

“நீயும் ஞாயிறு ஞாயிறு பூசைக்குப் போறாய். பாதர் ஒவ்வொருமுறையும் புதுசா என்ன சொல்றார்?”

“போகாட்டி மனிசி ஏசுவா, அண்ணை.”

“எனக்கு ஏசுற ஆள் இன்னும் வந்து சேரல்ல.”

அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டபின், அந்த ஆள் 1995ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் வந்து சேர்ந்தார். வீரக்குட்டி நாட்டைவிட்டுப் புறப்பட்டபோது புதுமணப்பெண்ணாக இருந்த கனகாம்பிகை, ஆறு ஆண்டுகளின் பின் விமானநிலையத்தில் இறங்கினார். அந்தக் குளிர்காலம் முழுவதும் வீரக்குட்டி எங்கும் போகவில்லை. வசந்தம் வந்ததும் ஆலை வானொலியில் செய்தி வந்தது: சிறு மண்டபங்களில் பாடித்திரிந்த கொப்பர் வின்ரர், கார்ல்ரன் வீதியிலுள்ள பெரிய ஹொக்கி அரங்கில் முதன்முறையாகப் பாடப்போகிறது, அதன்பின் மாகாணமெங்கும் சுற்றுப்பயணம்.

அன்று மாலை, குழுவின் பின்னால் ஊர் ஊராகத் திரிந்த கதையையும் மறுபடி போகும் ஆசையையும் அவர் மனைவியிடம் சொன்னார். கனகாம்பிகை முழுவதையும் கேட்டுமுடித்தார்.

“ஆறு வருசம் உங்கள விட்டுப்போட்டு இருந்தன். மறுகா இஞ்சயும் சனி ஞாயிறு தனியா இருக்கவா?”

வீரக்குட்டி கசெற்றுகளை எடுத்து அலுமாரியில் அடுக்கத் தொடங்கினார்.

“முதல்ல எனக்கும் ஒரு டிக்கெற் எடுங்க. அங்க என்ன நடக்குதெண்டு கண்ணால பார்த்துப்போட்டுச் சொல்றன்.”

மனைவி வேண்டாம் என்றால் அத்தோடு நிறுத்திவிடுவது என வீரக்குட்டி மனதுக்குள் முடிவெடுத்தார். மறுநாள் அதைச் சூசைதாசனிடமும் சொன்னார்.

“அப்ப கதை முடிஞ்சுது அண்ணை,” என்றார் சூசைதாசன். “அந்தச் சத்தத்தை முதல்தரம் கேட்ட எந்தப் பொம்பிளையும் ஓமெண்டு சொல்லமாட்டா.”

கனகாம்பிகை பட்டுச்சேலைமேல் கோட்டைப் போட்டுக்கொண்டு அரங்குக்கு வந்தார். இருக்கைகள் மிக உயரத்தில் இருந்தன. கீழே நின்ற ஆயிரக்கணக்கானோரை எட்டிப்பார்த்துவிட்டு, கைப்பையைத் திறந்து ஒரு துண்டுக் கடதாசியில் ஏதோ எழுதினார். ஸ்காபரோவில் பள்ளிக்கூட மண்டபங்களில் நடக்கும் தமிழ் இசை இரவுகளுக்கு இரண்டொருமுறை போயிருந்தார். அங்கே விருப்பப் பாட்டையும் பிறந்தநாள் வாழ்த்தையும் துண்டில் எழுதிக் கொடுத்தால், அறிவிப்பாளர் பெயரோடு வாசிப்பார். அந்த வழக்கப்படியே, படிக்கட்டில் நின்ற சீருடைக்காரரிடம் துண்டை நீட்டினார். அவர் புன்னகையோடு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“என்ன எழுதிக் குடுத்தனீ?” என்று வீரக்குட்டி அவசரமாகக் கேட்டார்.

“உங்கட பேரும் ஊரும். இத்தனை வருசமா எல்லா ஊருக்கும் வந்த ஆள், ஒரு பாட்டு உங்களுக்கெண்டு பாடச்சொல்லி.”

விளக்குகள் அணைந்தன. முதல் மேள அடி விழுந்தபோது இருக்கையே அதிர்ந்தது. கனகாம்பிகை இரு காதுகளையும் பொத்திக்கொண்டார். ஆனாலும் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கையை எடுத்துவிட்டு, மேடைத் திரையில் தெரிந்த மெலிந்த மேளக்காரனைப் பார்த்தபடி நிமிர்ந்து உட்கார்ந்தார். பாடகன் ஒலிவாங்கியில் ஏதாவது சொல்லத் தொடங்கினால், “இப்ப வாசிப்பான்,” என்று கணவனின் கையைத் தட்டினார். பாடகன் வாசிக்கவில்லை.

“இவ்வளவு காலம் பின்னால திரிஞ்சிருக்கிறீங்க. அவனுகளுக்கு உங்கட பேராவது தெரியாதா?”

“தெரியாது.”

“ஒருத்தனுக்கும்?”

“ஒருத்தனுக்கும் தெரியாது, கனகம். அதுதான் எனக்குப் பிடிச்சது. வெக்ஸ்போர்ட்டில படியிறங்கினா, கேஸ் என்னமாதிரி, பெண்சாதி எப்ப வருவா, வந்திட்டாவா, பிள்ளை இல்லையா எண்டு கேக்கிறாங்க. இஞ்ச ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டாங்க.”

இவ்வளவு நீளமாக அவர் பேசியதே அபூர்வம்.

அடுத்து, அவரை முதலில் ஒஷாவாவுக்கு இழுத்த பாட்டு தொடங்கியது. அரங்கு முழுவதும் லைற்றர் சுடர்கள் எழுந்தன. வீரக்குட்டி தன்னையறியாமல் எழுந்து, தலையை நிமிர்த்தி, வாய்விட்டுப் பாடினார். அதற்குள் எல்லாச் சொற்களும் அவருக்குப் பாடமாகியிருந்தன. பாதியில் பக்கத்தில் திரும்பியபோது மனைவி தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். வாயை மூடிக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

தீர்ப்பு மறுநாட் காலைதான் வந்தது. கனகாம்பிகை பிட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தார். காத்திருக்க இயலாமல் வீரக்குட்டியே பேச்சைத் தொடங்கினார்.

“ஒஷாவாவுக்கு நீயும் வாறியா? அது சின்ன மண்டபம். இவ்வளவு சத்தம் இராது.”

“நான் வரல்ல. நீங்க போங்க.”

“கோவமா?”

“கோவம் ஒண்டும் இல்ல. நேத்து நல்லாப் பாடினீங்க. என்னைக் கண்டோடன வாயை மூடிப்போட்டீங்க.” மாவை உதிர்த்தபடியே தொடர்ந்தார்: “நான் பக்கத்தில இருந்தா நீங்க பாடமாட்டீங்க. பாடாம அவ்வளவு தூரம் போய் என்னத்துக்கு? ஆனா மாசத்தில ஒருக்காத்தான். மற்றச் சனிக்கிழமையெல்லாம் நம்மட. றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போக பஸ் மாறி மாறி ஏறணும், எனக்குத் தனியாப் போக ஏலா.”

வீரக்குட்டி உடனே ஒப்புக்கொண்டார். சூசைதாசனிடம் செய்தியைச் சொன்னபோது, அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, “உங்கடை மனிசியை என்ரை மனிசியோடை ஒருக்காக் கதைக்கச் சொல்லுங்கோ, அண்ணை,” என்றார்.

மே மாதம் ஒஷாவாவில் அவர் வழக்கம்போலப் பின்வரிசையில் நின்று தொண்டை கட்டும்வரை பாடினார். வீடு திரும்பியபோது கனகாம்பிகை தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டை அங்கே எவ்வளவு மெதுவாகத் தொடங்கினார்கள், எந்த இடத்தில் வேகமெடுத்தார்கள் என்று கரகரத்த குரலில் அவர் விவரித்தார்.

“அந்த மேளம் அடிக்கிறவன் இன்னும் மெலிஞ்சுதான் இருக்கானா?” என்று கேட்டார் கனகாம்பிகை.

“ஓம். அப்படியேதான்.”

“ஊர் ஊராத் திரிஞ்சா ஆர் சமைச்சுக் குடுக்கிற,” என்றபடி அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். “சரி, மறுகா என்ன பாடினவனுகள்?”