ஜன்னல் மழையை நம்பி விதைத்தவர்

விதை கம்பெனி வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பம்பாயில் பெய்கிற மழை பம்பாய்க்கு மட்டும்தான். இது தெரியாமல் ஒரு ஆபீசே நடந்துகொண்டிருந்தது.

நான் தாராவிக்காரி, முனிசிபல் ஸ்கூலில் மராத்தி படித்தவள். செம்பூரில் ஒரு விதை கம்பெனி ஆபீஸ். விவசாயிகளின் போனுக்குப் போகும் வாய்ஸ் மெசேஜை மராத்தியில் பேசிப் பதிவு செய்வது என் வேலை. மலைக்கு அந்தப் பக்கம், மழை குறைந்த மராட்வாடாவில் சோயா விதைக்கிறவர்கள் என் குரலைக் கேட்டபிறகுதான் விதைப் பையைப் பிரிப்பார்கள்.

ஆபீசில் ஒரு வழக்கம் இருந்தது. ஜூனில் முதல் மழை ஜன்னல் கண்ணாடியில் அடித்ததும் எல்லாருக்கும் பஜ்ஜியும் 'கட்டிங்' என்கிற அரை கிளாஸ் சாயும் வரும். அன்றைக்கே 'விதைக்கலாம்' என்ற மெசேஜும் போகும். நல்ல வருஷங்களில் இந்தக் கூத்து எப்படியோ தப்பித்தது. இங்கே கொட்டிய மழை சில நாளில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி அங்கேயும் போய்விடும்.

அந்த வருஷம் எல் நினோ வருஷம். எங்கேயோ கிடக்கிற பசிபிக் கடல் சூடானால் நம் பருவமழை பெரும்பாலும் நோஞ்சானாகிவிடும். தாமதமாக வரும்; வந்தாலும் நடுவில் வாரக்கணக்கில் நின்றுவிடும். முளைத்த பயிர் அந்த இடைவெளியில்தான் சாகும்.

பம்பாய் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் மானேஜர் பஜ்ஜித் தட்டோடு வந்தார்.

"என்னம்மா பாத்திமா, இன்னும் ரெகார்ட் பண்ணலையா? வெளியில கொட்றது பாரு!"

"சார், இது பம்பாய் மழ. மலைக்கு அந்தப் பக்கம் வெறும் தூத்தல்தான். வானிலை ஆபீஸும் பொறுங்கன்னுதான சொல்லுது?"

"நீ என்ன அணுசக்தி நகர் சயின்டிஸ்டா? குடோன்ல ஸ்டாக் நிக்கறது. மழை வந்துடுத்துன்னு சொல்லு, போறும்."

எனக்குச் சுருக்கென்றது. இப்படிப் பேசிப் பதிவு செய்தேன்: "மழை வந்துவிட்டது. சோயா விதைக்கும் நேரம் இது. ஆனால் நிலம் ஒரு சாண் ஆழம் நனையும்வரை விதைக்காதீர்கள்."

மெசேஜ் நீளம் என்று 'ஆனால்' தொடங்கிக் கடைசிவரை வெட்டிவிட்டு அனுப்பியிருக்கிறார் மனுஷன். எனக்கு அது தெரியாது.

சில வாரம் கழித்து, அடிக்கடி ஆபீசுக்குக் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்கிற கேசவ்ராவ் என்ற மராட்வாடா விவசாயி போன் செய்தார். மராத்தியில் அக்காவைத் 'தாயி' என்பார்கள். வயதில் மூத்தவராக இருந்தும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். அவர் பேச்சைத் தமிழில் எழுதுகிறேன்.

"தாயி, முளை வந்துச்சு. எல்லாம் கருகிப் போச்சு. மழை எப்ப வரும்?"

"ஒரு சாண் நனையட்டும்னு சொன்னேன்லா அண்ணே?"

"நீங்க அப்படிச் சொல்லலியே தாயி. நாலஞ்சு தடவை போட்டுக் கேட்டுட்டுத்தான் விதைச்சேன்."

மெசேஜை அவரே போட்டுக் காட்டினார். என் குரல்தான். 'நேரம் இது' என்பதோடு நின்றுவிட்டது.

நேரே மானேஜர் அறைக்குப் போனேன்.

"என் மிச்சப் பேச்சு எங்க சார்?"

"கத்தாதே. மறுபடி விதைப்பாளோன்னோ? நம்மகிட்டதானே வாங்கணும்?"

"நீங்க சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கியளா சார்?"

ஆபீசே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று நின்றேன்.

கேசவ்ராவ் மறுபடி விதைத்தார், நிலத்தை அடகு வைத்து. பெய்த மழை மறுபடி நின்றது. அந்தப் பயிரும் போயிற்று.

அந்த ஆபீசில் நான் கற்றது இதுதான். எச்சரிக்கையைக் கடைசியில் வைக்காதீர்கள். வெட்டுகிறவன் கத்தரியைக் கடைசியில்தான் வைப்பான். விவசாயிகளுக்குப் பழகின குரல் என்பதால் என் வேலை போகவில்லை; அடுத்த வருஷமும் மராட்வாடாவில் மழை இழுத்தடித்தது. 'விதைக்காதீர்கள்' என்றே என் மெசேஜைத் தொடங்கினேன். அதை வெட்டினால் மிச்சம் ஒன்றும் இருக்காது. ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருந்தது. அந்த மெசேஜ் அப்படியே போயிற்று.

அன்றைக்கே கேசவ்ராவ் கூப்பிட்டார்.

"இந்தத் தடவை நல்லாத் தெளிவாச் சொல்லியிருக்கீங்க தாயி."

"பொறுத்திருக்கியளா அண்ணே? விதைச்சிரலியே?"

"நிலம் எங்க இருக்கு, விதைக்க? நான் இங்க பம்பாய்ல ஆண்டாப் ஹில்லுக்கு வந்து நாளாச்சு. கட்டட வேலை."

அவரே மேலும் சொன்னார்:

"இங்க என்னமா மழை கொட்டுது, தாயி! இன்னிக்கு வேலை இல்லைன்னு அனுப்பிட்டாங்க."