ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு ஓர் ஆட்சேபணை

பழி வாங்குவதை அவசரக்காரர்கள் கெடுத்துவிடுகிறார்கள். வாசலில் நின்று கத்துகிறார்கள், மறுநாள் தொண்டை கட்டி வெந்நீர் குடிக்கிறார்கள். நான் முன்சீப் கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவள். எதிராளியை அவர் வாயாலேயே பேசவிட்டுப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதன் சுகம் எனக்குத் தெரியும்.

என் மகளுக்கு நிச்சயம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை வளைகுடாவில் எஞ்சினியர், கல்யாணத்துக்காக விடுப்பில் வந்திருந்தான். அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு இடது அடிவயிற்றில் வலி தொடங்கியது. மாதவிலக்கு வலி என்று மாத்திரை போட்டுச் சமாளித்துப் பார்த்தாள். ஒருநாள் தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள் என்று தெரிந்ததும் டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

வயிற்றின் மேலே வைத்துப் பார்க்கும் ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். நிறைந்தால்தான் குடலை ஒதுக்கிவிட்டு, பின்னால் உள்ள கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் அது காட்டும். மகள் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்துவிட்டு, முழங்கால்களைச் சேர்த்துவைத்துக்கொண்டு, ஸ்கேன் சென்டரில் முறை வருவதற்காகக் காத்திருந்தாள். எதிர் வரிசையில் மாப்பிள்ளையின் அத்தை. ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, எங்கள் சர்ச் சபையில் முன் வரிசைக்காரி. எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

"எனக்கு பித்தப்பையில கல்லு" என்றார் டீச்சர், நாங்கள் கேட்காமலே. "பிள்ளைக்கு என்ன?"

"வயித்து வலி" என்றேன்.

ஸ்கேன் முடிந்து மகள் கழிப்பறைக்கு ஓடினாள். அவள் வருவதற்குள் கவுண்டரில் இருந்த பெண் ரிப்போர்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடம் முழுவதற்கும் கேட்கும்படி கூவினாள்: "ஓவரி கட்டி ஆருக்கு? ஓவரி கட்டி, வாங்க!"

நான் எழுந்து போய் வாங்கிக்கொண்டேன். திரும்பியபோது டீச்சரின் முகத்தில், பத்தாம் வகுப்புப் பையன் காப்பியடித்ததைக் கண்டுபிடித்த திருப்தி இருந்தது.

டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு ஒரு தாளில் வட்டம் வரைந்து காட்டினார். மாதாமாதம் சினைப்பையில் ஒரு சின்ன நீர்ப்பை வளர்ந்து, உடைந்து, முட்டையை வெளியே விடும். சில மாதம் உடையாமல் தண்ணீர் கோத்துப் பெரிதாகிவிடும். இவளுக்கு நேர்ந்தது அதுதான். "திரையில முழுசும் கறுப்பாத் தெரிஞ்சா உள்ள வெறும் தண்ணி. ஓரம் மெலிசா இருக்கு, உள்ள தடுப்பு இல்ல, சதை இல்ல, ரத்த ஓட்டம் இல்ல. இது நாலும் நல்ல சேதி. ஆறு வாரம் கழிச்சு, மாதவிலக்கு முடிஞ்ச உடனே ஒரு ஸ்கேன் பாப்போம். பெரும்பாலும் தானா வடிஞ்சிரும். திடீர்னு தாங்க முடியாத வலி வந்து வாந்தி எடுத்தா மட்டும் ஒரு நிமிஷம் தாமதிக்காம ஓடி வரணும். சினைப்பை முறுக்கிக்கிட்டா அப்படி வரும்."

"டாக்டர், பிள்ளை..." என்று மகள் தொடங்கி நிறுத்தினாள்.

"இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல" என்றார் டாக்டர்.

வெளியே வந்து பஸ்ஸில் ஏறும்வரை அவள் என் கையை விடவில்லை.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று போதகர் சொல்வார். ஏற்கெனவே மனைவி இருப்பவனையும் வயது குறைந்த பெண்ணையும் தடுக்க ஏற்பட்ட வழக்கம். முதல் ஓலை வாசித்த அன்று மத்தியானமே மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தாள்.

"மைனி, தப்பா நெனைக்காதீங்கோ. கர்ப்பப்பைய அறுத்து எடுக்கணுமாமே? டீச்சர் பாஸ்டர்ட்ட சொல்லியாச்சு. நாங்க சொல்லுக டாக்டர்ட்ட ஒருக்கா காட்டி, பிள்ளை பெறலாம்னு ஒரு சர்ட்டிபிகேட் வாங்கித் தந்தா, பெறவு ரெண்டாம் ஓலைய வாசிக்கலாம்."

"மாப்பிள்ளைக்கும் அதே சர்ட்டிபிகேட் வாங்குவோமா மைனி?" என்றேன்.

"அய்யோ, அவன் ஆம்பள பிள்ளைல்லா!"

பக்கத்தில் நின்ற மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வீட்டு வாசலில் போய்க் கத்தினால் என்ன என்றுகூடத் தோன்றியது. அதற்குப் பதிலாகப் போதகரைப் பார்க்கப் போனேன்.

அவர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கே உரிய பயம் அவருக்கும் உண்டு. "ரெண்டு வீட்டாரும் பேசித் தீத்துக்கிடுங்கோ. டீச்சரம்மா வயசானவிய" என்றார்.

"ஆட்சேபணை உங்ககிட்ட வந்தாச்சு பாஸ்டர். ஆட்சேபிச்சவிய ரெண்டு வீட்டாருக்கும் முன்னால ஆதாரத்தோட சொல்லணும். நீங்க விசாரிச்சு முடிவு சொல்லணும். சொல்லாம ரெண்டாம் ஓலைய நிறுத்தினா, எந்த அதிகாரத்துல நிறுத்தினீங்கன்னு நான் பேராயருக்கு எழுதுவேன். எனக்கு எழுத்து வேலைதான் தெரியும்."

சனிக்கிழமை சாயங்காலம் சபை கமிட்டி அறையில் கூடினோம். மேசையின் ஒரு பக்கம் டீச்சர், மாப்பிள்ளை, அவன் அம்மா. மறுபக்கம் நானும் மகளும். தலைப்பக்கத்தில் போதகர், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி. கிளம்பும்போதே மகளிடம் கேட்டிருந்தேன், ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்ளட்டுமா என்று. "எடுத்துக்கோம்மா. ஊரு முழுக்க பேசியாச்சு. எழுதியிருக்கதயும் கேக்கட்டும்" என்றாள்.

டீச்சர் தொண்டையைச் செருமினார். "கர்ப்பப்பையில கட்டி. நான் எனக்க காதால கேட்டேன். குடும்பத்துக்கு வாரிசு வேணும். சொல்லாம இருந்தா நாளைக்கு தேவனுக்கு முன்னால நான்தான் கணக்கு சொல்லணும்."

நான் ரிப்போர்ட்டை அவர் முன்னால் நகர்த்தினேன். "நீங்க இங்கிலீஷ் டீச்சர். வாசியுங்கோ. ஒவ்வொரு வரியா. தமிழ்ல நான் சொல்லுகேன்."

"இதெல்லாம் எதுக்கு..."

"ஆதாரம் டீச்சர். வாசியுங்கோ."

அவர் போதகரைப் பார்த்தார். போதகர் சுவரைப் பார்த்தார். டீச்சர் கண்ணாடியை மாட்டினார்.

ஈரலில் தொடங்கினார். இயல்பாக இருக்கிறது என்று நான் தமிழில் சொன்னேன். அடுத்தது பித்தப்பை.

"கல் இல்லை" என்று மொழிபெயர்த்துவிட்டுச் சற்று நிறுத்தினேன். "உங்களுக்கு அதுல கல்லு உண்டுல்லா டீச்சர்? அன்னைக்கு நீங்களே சொன்னீங்க. இப்பம் எப்பிடி இருக்கு?"

மாப்பிள்ளையின் அம்மா டீச்சர் பக்கம் திரும்பினாள். "கல்லா? சொல்லவே இல்லியே மைனி?"

டீச்சரின் காது மடல் சிவந்தது. அந்தச் சிவப்பை நான் நிதானமாகப் பார்த்தேன். கணையம், மண்ணீரல், சிறுநீரகம் எல்லாம் வரிசையாக வந்தன. ஒன்றையும் தாண்டவிடவில்லை. கர்ப்பப்பை வந்ததும் அவர் குரல் இறங்கியது.

"கேக்கல டீச்சர். கடைசி பெஞ்சுக்கும் கேக்கணும்லா?"

கர்ப்பப்பை இயல்பான அளவு, இயல்பான அமைப்பு. வலது சினைப்பை இயல்பு. இடது சினைப்பையில் நீர்க்கட்டி. மெல்லிய ஓரம், தடுப்பு இல்லை, சதை இல்லை, ரத்த ஓட்டம் இல்லை. ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்கவும்.

"அறுத்து எடுக்கணும்னு எந்த வரியில இருக்கு?" என்றேன்.

டீச்சர் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

போதகர் முகம் தெளிந்து, "தடை ஒண்ணும் இல்ல. நாளைக்கு ரெண்டாம் ஓலை வாசிக்கலாம்" என்றார். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அப்போது மகள் மாப்பிள்ளையிடம் பேசினாள். அந்த அறையில் அதுவரை அவள் வாயே திறக்கவில்லை.

"இந்த வாரம் முழுக்க நீங்க எனக்கு ஒரு போன் செய்யல. வலி எப்பிடி இருக்குன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

அவன் அம்மாவைப் பார்த்தான். "டீச்சரத்தைதான் வேண்டாம்னு..."

"பாஸ்டர், ஓலை வாசிக்காண்டாம்" என்றாள் மகள்.

கல்யாணத்தைக் காப்பாற்றப் போன நான் ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன். ஆனால் தொழில் புத்தி போகாது. எழுந்து போகும்முன் போதகரிடம் ஒன்று கேட்டு வாங்கினேன்: ஒருதடவை வாசித்த ஓலையைச் சும்மா விட்டுவிடக் கூடாது. என்ன சொல்ல வேண்டும் என்பதையும் நானே சொல்லிக் கொடுத்தேன்.

மறுநாள் ஆராதனையில் போதகர் அறிவித்தார்: "தடை என்று சொல்லப்பட்டது விசாரணையில் உண்மையல்ல என்று தெரியவந்தது. பெண் வீட்டார் தங்கள் விருப்பப்படி இந்த விவாகத்திலிருந்து விலகிக்கொள்கிறார்கள்." முன் வரிசையில் டீச்சர் பாட்டுப் புத்தகத்தில் தலை கவிழ்ந்திருந்தார். பிரசங்கம் எதைப் பற்றி என்று என்னைக் கேட்டால் தெரியாது. நான் அந்தப் பிடரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டி வடிந்துவிட்டிருந்தது. யாருக்கும் நாங்கள் சொல்லவில்லை. எப்படியோ அந்த வீட்டுக்கு எட்டிவிட்டது. அம்மாக்காரி இந்த முறை மகளுக்கே போன் செய்தாள். ஸ்பீக்கரில் போடு என்று ஜாடை காட்டினேன்.

"மக்கா, எல்லாம் சரியாயிட்டாமே! ஸ்தோத்திரம். அவனுக்கு லீவு இன்னும் கொஞ்சம் நீட்டிக் கிட்டும். பழைய பேச்ச விடு. மறுபடி பேசுவோமா?"

"சரியாகலன்னா என்ன செய்திருப்பிய மாமி?"

அந்தப் பக்கம் ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. மகள் அவசரப்படவில்லை, பதிலுக்காகக் காத்திருந்தாள். நானும் நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.