பன்னிரண்டு தலை

“…எண்ணி எண்ணி ஏத்துறதுக்கு இது என்ன ஆத்தா, ரேசன் கடையா? பன்னெண்டு தலைக்கு மேல ஏத்தக்கூடாதுன்னா, அப்படி ஓட்டுற ஆளைப் பாத்து வச்சுக்க. வண்டி மலை ஏறும். நான் இல்லாம ஏறட்டும்.”

பெரிய டிரைவர் இதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. டீ ஆறிப்போச்சு என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். சொல்லிவிட்டு ஜீப்பு சாவியை அத்தையின் மேசைமேல் வைத்தார். அவரைப் பார்த்து இரண்டாவது டிரைவரும் தன் சாவியை வைத்தார். இரண்டு பேரும், பின்னாலேயே அவர்களுடைய கிளீனர்களும், எதிர்த்த டீக்கடை பெஞ்சில் போய் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள்.

போடியில் அப்போது விடிந்தும் விடியாத நேரம். தூறல் வேறு. ஏலக்காய் பறிக்க மலைக்குப் போகும் பெண்கள், தலையில் மழைக்குக் கவிழ்த்த சாக்குக் கொங்காணியும் கையில் தூக்குச்சட்டியுமாக ஷெட்டு வாசலில் நின்றார்கள். மேல் எஸ்டேட்டில் ஏழு மணிக்குக் கங்காணி பேர் கூப்பிடுவார், கீழ் எஸ்டேட்டில் எட்டு மணிக்கு. பிந்திப் போனால் அன்றைக்கு வேலை இல்லை. அதற்கு முந்திய இரண்டு நாளும் டிரைவர்கள் வேண்டுமென்றே பிந்தியிருந்தார்கள். மூன்றாம் நாளும் ஆள் நேரத்துக்கு வராவிட்டால் வேறு ஜீப்புக்காரரைப் பார்த்துக்கொள்வோம் என்று எஸ்டேட்டிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதுதான் மூன்றாம் நாள்.

ஜீப்புகள் மாமாவுடையவை. சித்திரையில் ஒருநாள், ஒரே வண்டியில் இருபத்திரண்டு பேரை அடைத்துக்கொண்டு போனபோது வளைவில் ஜீப்பு பின்வாங்கிப் பாறையில் மோதி நின்றது. ஏறியிருந்தவர்கள் சிராய்ப்போடு தப்பினார்கள். பின்படியில் தொங்கிக்கொண்டு போன மாமாவுக்குத் தொடை எலும்பு முறிந்தது. அவர் கட்டிலில் கிடக்க, அத்தை ஷெட்டில் வந்து உட்கார்ந்தாள். வண்டிகளை விற்றுத் தொலைத்துவிட்டு வீட்டோடு இரு என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. அத்தை எல்லாருக்கும் காப்பி கொடுத்து அனுப்பினாள். பிறகு ஒரே ஒரு சட்டம் போட்டாள்: ஒரு ஜீப்புக்குப் பன்னிரண்டு தலை. எங்கள் பக்கம் ஆளை எண்ணினாலும் தலைதான், ஆட்டை எண்ணினாலும் தலைதான். அதற்குமேல் ஏறுகிறவர்கள் கொடுப்பது டிரைவர்களின் கைச்செலவுக்கு என்பது வழக்கமாக இருந்தது. ஆக அத்தை கைவைத்தது அவர்களுடைய பாக்கெட்டில்.

எனக்குப் பத்து வயது. காலாண்டுப் பரீட்சை லீவுக்கு அத்தை வீட்டுக்கு வந்திருந்தேன்.

அத்தை டீக்கடைப் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். இன்னொன்றை எடுத்துக்கொண்டு போய் ஜீப்பில் ஏறினாள். ராசிங்காபுரத்தில் அவளுடைய அப்பாவின் டிராக்டரைக் காட்டுக்குள் ஓட்டி வளர்ந்தவள். மாமா ஒரு பெருமைக்காக லைசென்சும் எடுத்துக் கொடுத்திருந்தார். அவர் பக்கத்தில் இருக்க, மலையடிவாரத்து முந்தல்வரை ஓட்டியிருக்கிறாள். ஆளை ஏற்றிக்கொண்டு மலையேறியதில்லை. இது வாசலில் நின்ற எல்லாருக்கும் தெரியும். ஒருத்தியும் அசையவில்லை.

முதலில் ஏறியது பெரிய டிரைவரின் பெண்டாட்டி. அவளும் ஏலக்காய் பறிக்கிறவள்தான்.

“அந்த மனுசன் ஓட்டுனாத்தான் போவேன்னு உக்காந்திருந்தா, எனக்குச் சோறு அவரா பொங்கிப் போடுவாரு?” என்றாள், டீக்கடைக்குக் கேட்கிற மாதிரி. பெண்கள் சிரித்தார்கள். சிரித்த வேகத்தில் ஒவ்வொருத்தியாக ஏறினார்கள்.

நான் முன்சீட்டில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இறங்கு என்றாள் அத்தை. மாட்டேன் என்றேன். அடம்பிடிக்கிறவளோடு மல்லுக்கட்ட அவளுக்கு நேரமில்லை. “சரி, நீயும் ஒரு தலை” என்றாள். பின்னால் பதினொரு பேர் ஏறியதும், பன்னிரண்டாவதாகக் காலைத் தூக்கியவளை அடுத்த நடைக்கு நிற்கச் சொன்னாள். கீழ் எஸ்டேட்டுப் பெண்களும் அங்கேயேதான் நின்றார்கள். அத்தை மேலே போய்த் திரும்பி வருவதற்குள் எட்டு மணி தாண்டிவிடும்.

ஜீப்பு நகர்ந்தபோது பின்படியில் ஏதோ கனமாக ஏறியது. திரும்பிப் பார்த்தேன். பெரிய டிரைவர், கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நின்றார்.

“வேடிக்கை பாக்கவா வந்தீக?” என்றாள் பெண்டாட்டி. அவர் வெளியே மழையைப் பார்த்தார். அத்தை கண்ணாடியில் பார்த்தாள், வண்டியை நிறுத்தவில்லை.

முந்தல் தாண்டியதும் பேச்சு நின்றுபோனது. முதல் வளைவில் ஜீப்பு முனகிக்கொண்டு திரும்பியது. இரண்டாவதிலும் திரும்பியது. மூன்றாவது வளைவின் பாதியில், மேலேயிருந்து ஒரு லாரி இறங்கி வந்தது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும், மலையில் அதுதான் முறை. லாரிக்காரன் ஸ்டியரிங்கில் புடவையைப் பார்த்தானோ என்னவோ, நிற்காமல் வந்தான். அத்தை பிரேக்கை மிதித்தாள். எஞ்சின் அணைந்தது.

ஈர ரோட்டில் ஜீப்பு பின்னால் ஒரு விரல்கடை நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. அத்தை பிரேக்கின்மேல் ஏறக்குறைய எழுந்தே நின்றாள், ஒரு கையால் கைப்பிரேக்கை இழுத்தபடி. அவள் கெண்டைக்கால் நடுங்குவதை நான் பார்த்தேன். பின்னால், கீழே, முந்தல் செக்போஸ்ட்டின் தகரக் கூரை தெரிந்தது. அதற்கும் எங்களுக்கும் நடுவில் ஒன்றுமில்லை.

“கட்டை கொடுங்கண்ணே” என்றாள் அத்தை. குரல் உயரவில்லை.

பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது கிளீனரின் வேலை. அந்த மலையில் டிரைவர் ஆனவர் யாரும் கட்டையைத் தொட மாட்டார்கள். அது குறைச்சல். கிளீனரோ டீக்கடையில் இருந்தான். கட்டை பெண்களின் காலடியில் கிடந்தது. பெரிய டிரைவர் அதைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார். ஜீப்பு இன்னொரு விரல்கடை இறங்கியது. அவர் பெண்டாட்டி காலால் கட்டையை அவரை நோக்கித் தள்ளிவிட்டாள்.

அவர் குதித்தார். கட்டை சக்கரத்தில் பதிகிற சத்தம் கேட்டது. ஜீப்பு ஒரு குலுக்கலோடு அதன்மேல் உட்கார்ந்தது.

லாரி எங்களை உரசுகிற மாதிரி கடந்தபோது அதன் டிரைவர் தலையை நீட்டி, “என்னண்ணே, கிளீனராயிட்டீகளா?” என்றான். மண்டி போட்டிருந்தவர் நிமிரவில்லை.

அத்தை எஞ்சினை எழுப்பி, முன்சக்கரக் கியரையும் போட்டு, ஒரே மூச்சில் ஏற்றி, வளைவுக்கு மேலே அகலமான சமதரையில் போய் நிறுத்தினாள். பெரிய டிரைவர் தோளில் கட்டையோடு நனைந்துகொண்டே ஏறி வந்தார். பின்படியில் காலை வைத்தார்.

அத்தை இறங்கிப் போனாள். என்னிலிருந்து தொடங்கி ஒவ்வொரு தலையாக எண்ணினாள்.

“பன்னெண்டு ஆச்சுண்ணே.”

எனக்கு அழுகை வந்தது. காப்பாற்றியவரை மழையில் இறக்கிவிடுகிற கல்நெஞ்சுக்காரி என்று அத்தையை அன்றைக்கு வெறுத்தேன். பிற்பாடு, பத்தாவதோடு படிப்பு நின்று, வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் பெட்டி கட்டும் வேலைக்குச் சேர்ந்து, ஏறி ஏறி, லாரிகளை அனுப்பும் பகுதிக்கே நான் தலைமையாக வந்தபோது, அவசரம் என்று ஒரு பெட்டி கூடுதலாக ஏற்றச் சொல்லி எனக்கு மேலே இருந்தவர்களே வந்து நிற்பார்கள். முடியாது என்று சொல்லும்போதெல்லாம் என் கெண்டைக்கால் நடுங்கும். மேசைக்கு அடியில் அது யாருக்கும் தெரியாது.

பெரிய டிரைவர் அத்தையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் ஏறாமலிருந்தால் அந்தப் பன்னிரண்டாவது இடத்தில், வாசலில் நிறுத்தப்பட்டவள் வேலைக்கு வந்திருப்பாள் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. அவர் படியிலிருந்து காலை எடுத்தார். கட்டையைப் பெண்டாட்டியின் காலடியில் வைத்தார்.

“மேல வழுக்கும். இதைக் கைக்கிட்டயே வச்சுக்க” என்றார்.

அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்து, இரண்டாவது ஜீப்பின் சாவியை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். அவருடைய பெண்டாட்டி முகத்தைத் திருப்பி, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன்.

ஜீப்பு கிளம்பியதும் எட்டிப் பார்த்தேன். வேலை போய்விட்டது, பாவம், அதனால்தான் இப்படி ஓடுகிறார் என்று எண்ணிக்கொண்டேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாவியை இறுக்கிப் பிடித்தபடி, ரோட்டை விட்டுக் குறுக்குப் பாதையில் இறங்கி, போடியைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்.